பெருங்காயம் மணக்கும் கை

அக்டோபர் 9

ஆயுத பூசைக்கு வைத்த பொரிகடலை இன்னும் பையில் கிடக்கிறது, அதற்குள் இமயமலை வந்துவிட்டது. ஈரோட்டில் ரயில் ஏறி, எங்கெங்கோ மாறி, கடைசியில் ஒரு ஜீப்பில் ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்து சேர்ந்தேன். ஊர் பெயர் கஜோட்டு. இதற்கு வடக்கே மனிதன் இருப்பானா என்று ஜீப்காரனிடம் கேட்டதற்கு அவன் சிரித்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. எதைக் கேட்டாலும் சிரித்துக்கொள்வது என்று ஏற்பாடாகிவிட்டது.

நம்மூர் போர்வெல் லாரி இங்கே குழாய்க் கிணறு போட்டுக்கொண்டிருக்கிறது. பழைய சமையல்காரன் குளிர் தாங்காமல் ஓடிவிட்டானாம், அவன் இடத்துக்கு நல்லா என்கிற நான். மேனேஜர் துரைசாமி, டிரில்லர் வையாபுரி அண்ணன், பைப் தூக்கும் பையன்கள் ஐந்து பேர், என்னோடு எட்டு. குளிருக்குப் பயந்து எட்டுப் பேரும் பைப் லாரியில் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டுதான் தூங்குகிறோம். ஒருவன் விடும் மூச்சு அடுத்தவன் மூக்கில்.

கம்ப்ரசர் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் எல்லாம் சைகைதான். உள்ளங்கையைக் குவித்தால் டீ. வயிற்றைத் தட்டினால் சோறு. மீசையை முறுக்கினால் மேனேஜர் வருகிறார். இரண்டு கையையும் மேலே விசிறினால் தண்ணீர். ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். இந்தியைவிட இது சுலபம்.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை, படித்தாலும் என் கோழிக் கிறுக்கல் புரியாது. ஆகவே நேரே எழுதிவிடுகிறேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. சில வருடமாகத் தினம் ஒரு மாத்திரை போடுகிறேன், குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். பெயர் ஒட்டிய டப்பாவை ஊரிலேயே விட்டுவிட்டு, மாத்திரைகளைக் காலிப் பெருங்காய டப்பாவில் கொட்டிக்கொண்டு வந்தேன். சமையல்காரனின் பெருங்காய டப்பாவை எவன் திறக்கப் போகிறான்? தைக்கு ஊர் திரும்பும்வரை தாராளமாக வரும்.

தையில் எனக்குக் கல்யாணம். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

அக்டோபர் 10

தையில் எனக்குக் கல்யாணம்.

அக்டோபர் 14

செல்போனுக்கு இந்த ஊரில் ஒரே இடத்தில்தான் சிக்னல், அதுவும் பைப் லாரியின் உச்சியில். நான் ஏறி நின்றால் கீழே பையன்கள் கை தட்டுகிறார்கள். தட்டட்டும். மேலே நிற்பவனுக்குக் கால் தரையில் படவில்லை.

நான் கட்டிக்கொள்ளப் போகிற பூங்கோதை நாமக்கல் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் முட்டை அடுக்குகிறாள். இருவரும் இதே மாத்திரை வாங்கும் வரிசையில்தான் பழக்கம். நான் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தேன். திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, பல்லு வலியா?" என்றாள். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். அன்றோடு துண்டு போயிற்று.

அவள் முதல் புருசன் லாரி ஓட்டியவர். லோடு போகிற இடங்களில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மாத்திரையை எடுத்துப்போகவே மாட்டாராம். முதலில் காசநோய் வந்தது, பிறகு அவர் வரவில்லை. அதனால் இவளுக்கு நகை, புடவை எந்தக் கேள்வியும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை. கல்யாணத்துக்கு முன்னால் இரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்க்கும் சோதனையில் எனக்குக் 'கண்டறியப்படவில்லை' என்று வர வேண்டும். ஒரு நாளும் மாத்திரை விடாமல் இருந்தால் வந்துவிடும்.

"இன்னொருத்தரு ஒளிச்சு வெச்சுச் சாவறதப் பாக்க எனக்குத் தெம்பு இல்லீங்க" என்றாள். நான் லாரி மேல் நின்றபடி மலைமேல் சத்தியம் செய்தேன். மலை எந்தச் சாமியுடையது என்று தெரியாது, எதுவாக இருந்தாலும் சத்தியம் சத்தியந்தானே.

அக்டோபர் 17

தக்காளி இல்லாமல் ரசம். பையன்கள் பாராட்டினார்கள். வையாபுரி அண்ணன் மூன்று தட்டு சோறு சாப்பிட்டார். பெரிய மீசை, பெரிய சிரிப்பு, அதைவிடப் பெரிய இருமல். இவ்வளவு சாப்பிட்டும் பேண்ட் நிற்கவில்லை, சணல் கயிற்றால் கட்டியிருக்கிறார். ஊருக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறதாம். ஏன் போகவில்லை என்று கேட்டால் தினம் ஒரு காரணம். நேற்று மாடு, இன்று மச்சான்.

அக்டோபர் 21

டப்பாவில் மாத்திரை குறைகிறது.

முதலில் குரங்கு என்று நினைத்தேன். இங்கே குரங்குகள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிற வகை. டப்பாவை அரிசி மூட்டைக்குள் புதைத்தேன். அரிசி அப்படியே இருக்கிறது, மூட்டைக் கட்டு கூட நான் போட்ட மாதிரியே இருக்கிறது, மாத்திரை மட்டும் குறைகிறது. முடிச்சுப் போடும் குரங்கு, பெருங்காயம் பிடித்த குரங்கு, எந்த நாட்டிலும் கிடையாது.

பூங்கோதையிடம் சொல்லவில்லை. அவள் இன்று அனுப்பிய போட்டோவில் இரட்டை மஞ்சள்கரு முட்டையைக் கையில் பிடித்திருந்தாள். "நாமதானுங்க" என்று எழுதியிருந்தாள். அரை நாள் அதிலேயே போயிற்று. பருப்பு அடிப்பிடித்தது.

அக்டோபர் 24

தெரிந்துவிட்டது. காலையில் இட்லி மாதிரி ஒன்று செய்திருந்தேன். வரிசையாகத் தட்டை நீட்டினார்கள். அண்ணன் தட்டை வாங்கினார், கை என் மூக்கருகே வந்தது. குப்பென்று பெருங்காயம்.

நான் அவரைப் பார்த்தேன், அவர் சட்னியைப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருப்பான் என்று இனிமேல் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

பெயர் இல்லாத மாத்திரை, மருந்து டப்பாகூட இல்லை. அது என்ன என்று பார்த்தவுடன் தெரிய வேண்டுமானால், அதைத் தினமும் விழுங்கியவனாக இருக்க வேண்டும். கயிறு கட்டிய பேண்ட், ஊர்ப் பக்கம் போகாத ஒரு வருடம், மாடு, மச்சான் எல்லாம் ஒரே நொடியில் புரிந்துபோயிற்று. ஊருக்குப் போகவில்லை என்றால் மாத்திரையும் இல்லை. கைக்கு அகப்படும்போது ஒன்று என்று விழுங்கினால் மருந்து கேட்காது, அதையும் அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. என் கல்யாணத்தை அல்லவா அந்த ஆள் விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் 25

டப்பாவைப் பூட்டி வைக்கலாம் என்றால் இந்த ஊரில் பூட்டு வாங்கக் கடை இல்லை. ஆகவே பழைய இடத்திலேயே, கண்ணில் படும்படி வைத்தேன்.

அக்டோபர் 30

இன்று மாத்திரை போட மறந்துவிட்டேன் போலிருக்கிறது. கல்யாண நினைப்பில் மறதி சகஜம்.

நவம்பர் 1

இன்றும் மறதி. அண்ணனுக்குத் தனியாக முட்டை வறுத்துக் கொடுத்தேன். பூங்கோதையிடம், "போட்டேன்" என்றேன். வழக்கத்தைவிடச் சீக்கிரம் லாரியிலிருந்து இறங்கிவிட்டேன். குளிர்.

நவம்பர் 4

கமலேஷ் அக்கா வந்தாள். இந்த ஊருக்கு அரசாங்கம் வைத்திருக்கும் சுகாதாரப் பணியாளர், ஐம்பது வயது, மலையில் ஆடு மாதிரி ஏறுகிறாள். இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு காசநோய் இருக்கிறதாம். வெளியூரிலிருந்து வருகிற ரோடு வேலைக்காரர்கள், லாரிக்காரர்கள் கொண்டுவருவது பாதி, இங்கிருந்து வேலைக்குப் போய் வாங்கிவருவது பாதி. அந்தக் கிருமியும் எச்.ஐ.வி.யும் ஜோடி போட்டுக்கொண்டு திரிகின்றன என்று இரண்டு விரலைக் கோத்துக் காட்டினாள். அந்தச் சைகைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மேனேஜர்தான் மற்றதை எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

லாரிக்குள் தலையை விட்டு, நாங்கள் தூங்கும் இடத்தைப் பார்த்தாள். அண்ணன் இருமியதையும் கேட்டாள். ஆளுக்கொரு சிறு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தாள். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் நெஞ்சிலிருந்து காறி அதில் துப்பி மூடி வைக்க வேண்டும். நாளை வந்து வாங்கிக்கொள்வாள்.

மூடி அழகாக இருக்கிறது, கடுகு போட்டு வைக்கலாம் என்று நான் சொன்னதற்குப் பையன்கள் ஒரு மணி நேரம் சிரித்தார்கள்.

நவம்பர் 5

இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது. விடிந்ததும் ஐந்து பையன்களும் வரிசையாக உட்கார்ந்து காறினார்கள். காறுகிறார்கள், காறுகிறார்கள், ஒன்றும் வரவில்லை. எச்சில்தான் வந்தது. மேனேஜர் தானும் முயன்று பார்த்துவிட்டு, "சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்" என்று டப்பாவைக் கீழே வைத்தார். காலி டப்பா கொடுத்தால் அக்கா நாளைக்கும் வருவாள், வேலை கெடும்.

அப்போது வையாபுரி அண்ணன், கடை திறந்தவர் போலக் கையை நீட்டினார். "கொண்டாங்கடா. நம்மகிட்ட சரக்கு நெறைய இருக்குது. ஒரே சட்டிச் சோறு திங்கறம், ஒரே தார்ப்பாயில தூங்கறம். யாரு சளியா இருந்தா என்ன?"

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அவர் டப்பா டப்பாவாக நிரப்பிக் கொடுத்தார், பந்தியில் பாயசம் ஊற்றுகிறவர் போல. பையன்கள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். நான் மட்டும் என் டப்பாவை எடுத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய் மூச்சைப் பிடித்து எப்படியோ சொந்தமாகத் துப்பினேன். "நல்லாவுக்குத் தனிக் கச்சேரி" என்றார்கள்.

தடுத்திருக்க வேண்டும்தான். ஆனால் இந்த நோட்டில் பொய் எழுதுவானேன், ஒரு டப்பாவுக்கு ஏழு டப்பாவாக அவர் சளி ஆஸ்பத்திரிக்குப் போவது எனக்குச் சந்தோசமாக இருந்தது. அங்கே அவரை வைத்தியம் பார்க்காமல் விடமாட்டார்கள்.

நவம்பர் 10

மதியம் இரண்டு ஜீப் வந்தன. கமலேஷ் அக்கா முகமூடியோடு இறங்கினாள், பின்னால் இன்னும் நான்கு முகமூடிகள். எட்டுப் பேரில் ஏழு பேருக்குக் காசநோய். அவள் இத்தனை வருடத்தில் இப்படி ஒரு லாரியைப் பார்த்ததில்லையாம். ஆரோக்கியமாக இருப்பது ஒரே ஆள், சமையல்காரர்.

பையன்களில் ஒருவன் அழுதான். இன்னொருவனுக்கு அந்த நிமிடமே இருமல் வந்துவிட்டது. மேனேஜர் நெஞ்சைத் தடவிப் பார்த்து, ஒரு மாதமாகவே சந்தேகம் என்றார். டப்பாவை நிரப்பிக் கொடுத்தது யார் என்று ஒருவனுக்கும் நினைவு வரவில்லை. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்து, "நல்லாண்ணா, கிட்ட வராதீங்க, உங்களுக்கு ஒட்டிக்கும்" என்று தள்ளி உட்கார்ந்தார்கள். கிருமிக்குப் பயந்து என்னிடமிருந்து விலகியவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்காகப் பயந்து விலகியவர்களை இன்றுதான் பார்த்தேன். அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரித்தேன். வெங்காயம் வசதியான காய்.

அண்ணன் மட்டும் ராத்திரி ஒரே தட்டோடு எழுந்துவிட்டார்.

நவம்பர் 11

ஜில்லா ஆஸ்பத்திரி. அந்த ஏழு பேருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இளம் டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். ஆறு நெஞ்சு பளிங்கு மாதிரி. ஒன்றில் மட்டும் மேகம். அப்போதுதான் மேனேஜர் தயங்கித் தயங்கி அந்தப் பாயசக் கதையைச் சொன்னார். டாக்டர் மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தோம்.

தலையை நிமிர்த்தியபோது முகம் மாறியிருந்தது. காசநோய் உள்ளவருக்கு எச்.ஐ.வி. சோதனையும் செய்வது வழக்கம், வையாபுரி இரத்தம் கொடுத்துவிட்டு வரட்டும் என்றார். மேனேஜர் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார். பீடி வாங்கிவருகிறாராம்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே பஸ் ஸ்டாண்டு. அவர் பீடிக் கடையைத் தாண்டிப் போவதை தாழ்வார ஜன்னலில் பார்த்தேன். பஸ் ஏறினால் அந்த ஆள் எந்த ஊரிலாவது ஒரு லாரித் தார்ப்பாய்க்கு அடியில் இருமி இருமியே போய்விடுவார். பூங்கோதையின் புருசன் போன மாதிரி. ஓடினேன். எனக்குப் பின்னால், என்ன ஏது என்று தெரியாமலே மேனேஜரும் ஐந்து பையன்களும் ஓடிவந்தார்கள். கிட்டே போய் மெதுவாகப் பேசலாம் என்றுதான் நினைத்தேன். பஸ் கிளம்ப உறுமியது. கத்திவிட்டேன்.

"அண்ணா, எனக்கு எச்.ஐ.வி. இருக்குதுங்க. வருசக்கணக்கா மாத்திரை போடறேன். தையில கல்யாணம் பண்ணிக்கப் போறேன். என்னையப் பாருங்க, செத்தா போயிட்டேன்?"

பஸ்ஸில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் ஆட்கள் ஆறு பேருக்கும் தெரியும். அவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அண்ணன் படியில் வைத்த காலை எடுத்துக் கீழே வைத்தார். என்னிடம் வந்து இரண்டு கையையும் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எத்தன சோப்புப் போட்டாலும் இந்தப் பெருங்காய வாசம் போவ மாட்டேங்குது, நல்லா."

மற்றவர்களுக்கு அது விளங்கவில்லை. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அழுதார், நானும் அழுதேன், பஸ் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று.

எல்லோரும் திரும்பி நடந்தோம். ஆஸ்பத்திரிப் படியில் மேனேஜர்தான் தொண்டையைச் செருமினார். என்னைத் துரத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். "அப்ப மத்தியானச் சோத்துக்கு என்ன பண்றது?" என்றார்.

நவம்பர் 12

அண்ணன் வார்டில் படுத்திருக்கிறார். முதலில் காசநோய்க்கு மருந்து, கொஞ்ச நாள் கழித்து அந்த மாத்திரையையும் ஆரம்பிப்பார்களாம். இனிமேல் இடையில் விடக் கூடாது என்று டாக்டர் கண்டித்தார். பையன்களுக்கும் மேனேஜருக்கும் எனக்கும் காசநோய் வராமல் தடுக்க மாத்திரை. இனிமேல் தார்ப்பாயை இழுத்து மூடக் கூடாது, காற்று வர வேண்டும். குளிரில் செத்துவிடுவோம் என்று மேனேஜர் வாதாடினார். ஆளுக்கு ஒரு கம்பளி வாங்கிக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.

என் சிகிச்சை அட்டையைக் காட்டினேன். மருந்து கொடுக்கும் பெண் எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் டப்பாவை எடுத்து நீட்டினாள். இவ்வளவுதானா. இந்தியில் வாய் திறந்து கேட்கப் பயந்து, இரண்டு ஆண்கள் ஒரு பெருங்காய டப்பாவை வைத்துக்கொண்டு அல்லாடியிருக்கிறோம்.

பையன்கள் இரண்டு வேளை ரொட்டியும் பிஸ்கட்டும் தின்றார்கள். என் பாத்திரத்தைத் தொடவில்லை. நெஞ்சு வலித்தது, இல்லை என்று எழுத மாட்டேன்.

நவம்பர் 13

ஆட்டுக்கறி எடுத்து, மிளகு அரைத்துவிட்டு, கொதிக்கும்போது மூடியைத் திறந்து வைத்தேன். காற்றும் அவர்கள் பக்கம்தான் அடித்தது. முதலில் மேனேஜர் வயிற்றைத் தட்டினார். பிறகு ஒவ்வொருவராக.

நவம்பர் 16

பூங்கோதையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த இரண்டு நாள் மறதியையும். அது மறதி இல்லை, அண்ணனுக்கு மிச்சம் வைத்தது என்பதையும். போனை வைத்துவிட்டாள். லாரி உச்சியில் நின்றுகொண்டே இருந்தேன், கீழே யாரும் கை தட்டவில்லை.

நவம்பர் 20

அவளே கூப்பிட்டாள். "அந்த அண்ணன் மாத்திரை போட்டாருங்களா?" என்று கேட்டாள். அப்புறம், "நீங்க போட்டீங்களா?" என்றாள். இறங்கும்போது ஏணி இருப்பதை மறந்து குதித்துவிட்டேன். கணுக்கால் வீக்கம். பரவாயில்லை.

டிசம்பர் 12

அண்ணன் திரும்பி வந்து நெம்புகோல் பிடிக்கிறார். டாக்டர் இனிமேல் ஒட்டாது என்று சொல்லித்தான் அனுப்பினார். சணல் கயிறு அவிழ்ந்துவிட்டது. தன் கதையைப் பையன்களிடம் அவரே சொன்னார், எங்கே எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

கம்ப்ரசர் இரைச்சலில் புதிதாக ஒரு சைகை சேர்ந்திருக்கிறது. காலையில் அவர் என்னைப் பார்த்து இரண்டு விரலால் மூக்கைப் பிடிப்பார். பெருங்காயம். அதாவது, மாத்திரை போட்டாச்சா? நான் கட்டைவிரலைத் தூக்குவேன். பிறகு நான் பிடிப்பேன், அவர் தூக்குவார். இப்போது தடுப்பு மாத்திரை போடும் பையன்களும் ஒருவரைப் பார்த்து ஒருவர் மூக்கைப் பிடிக்கிறார்கள். கமலேஷ் அக்கா பார்த்துவிட்டு, நாங்கள் அவளைக் கேலி செய்கிறோம் என்று கோபித்துக்கொண்டாள். மேனேஜர் விளக்கிச் சொன்னார். மறுநாள் அவளும் பிடித்தாள்.

மாலையில் தண்ணீர் வந்தது. எல்லோரும் கையை மேலே விசிறிக்கொண்டு நனைந்தோம். பனித் தண்ணீர், பல் கிட்டியது.

ஜனவரி 17

கண்டறியப்படவில்லை.

ஜனவரி 29

கல்யாணம் முடிந்து எழுதுகிறேன். பக்கத்தில் அவள் பூவை அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள்.

திருச்செங்கோட்டு மலைக்கோவில். மேனேஜர், பையன்கள், வையாபுரி அண்ணன் எல்லோரும் முன்வரிசையில். அண்ணன் வேட்டியில் மாப்பிள்ளையைவிட நன்றாக இருந்தார். ஐயர் தாலியை என் கையில் கொடுத்தார். கெட்டிமேளம் என்றதும் தவில்காரர் எங்கள் கம்ப்ரசரையே தோற்கடித்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது அண்ணன் மூக்கைப் பிடித்தார்.

கற்பூரப் புகை போலிருக்கிறது என்று சிரித்தேன். அவர் விடவில்லை. பையன்களும் பிடித்தார்கள். மேனேஜரும் பிடித்தார். ஒரு வரிசையே மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தது. பெண் வீட்டார் கோவிலில் என்ன நாற்றம் என்று சுற்றிலும் பார்த்தார்கள். எனக்குச் சுரீர் என்றது. விடியற்காலைப் பரபரப்பில் மாத்திரை போடவே இல்லை. இந்தத் தடவை நிஜமாகவே மறதி.

தாலியோடு கை அந்தரத்தில் நின்றது. பூங்கோதை தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி அந்த வரிசையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, இரண்டு மாத்திரையை உள்ளங்கையில் தட்டி, ஒன்றை என் வாயில் போட்டாள், இன்னொன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். ஐயரிடம் தீர்த்தத்துக்குக் கை நீட்டினோம். அவரும் ஊற்றிவிட்டு, அது என்னவென்று புருவத்தால் கேட்டார். அவள் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். பசியாக்கும் என்று அவர் தலையாட்டினார்.

பிறகுதான் முடிச்சுப் போட்டேன், மூன்றும் இறுக்கமாக.

அந்த மாத்திரையில் பெருங்காயம் இல்லை, ஏலக்காய் மணந்தது. இத்தனை வருடமாக அவள் அதை எந்த டப்பாவில் ஒளித்து வைத்திருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது.